யார் வாசலில் யாருடைய ஓசை?

வகுப்பிலே பட்டினப்பாலையை விளக்கிக்கொண்டிருந்தேன். காவிரிப்பூம்பட்டினத்துக் கடற்றுறையில் வந்து குவிந்த பண்டங்களைச் சொல்லி முடித்து, பல தேயங்களிலிருந்தும் தம் ஊரை விட்டு வந்தவர்கள், வேறுவேறு மொழி பேசுபவர்கள், அந்த நகரத்தில் ஒருங்கே மகிழ்ந்து வாழ்ந்ததாகக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடியிருப்பதையும் சொன்னேன். பின்வாங்கில் இருந்த மாணவன் ஒருவன் எழுந்து, "சேர், அவங்கள் ஒருநாளும் சண்டை பிடிக்கேல்லையோ?" என்று கேட்டான். வகுப்புச் சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன். ஆனால் அந்தக் கேள்விக்கு என்னிடம் விடை இருக்கவில்லை.

அந்த ஆண்டு விடைத்தாள் திருத்தும் பணிக்காகக் கொழும்புக்குச் சென்றிருந்தேன். திங்கட்கிழமை மாலையோடு வேலை முடிந்தது. ஊருக்கு பஸ் செவ்வாய் இரவுதான். இடையில் கிடைத்த ஒரு பகலைக் கொழும்பின் வடபகுதியில் நடந்து கழிப்பது என்று தீர்மானித்தேன். புறக்கோட்டையில் தொடங்கிச் செட்டியார் தெரு, கொச்சிக்கடை, கொட்டாஞ்சேனை என்று செல்லும் இந்தப் பகுதியை இரண்டு மூன்று மணித்தியாலத்தில் ஆறுதலாக நடந்து முடிக்கலாம். எனக்கு அங்கே ஒரு சொந்தக் கடனும் இருந்தது. காலஞ்சென்ற என் தந்தையார் 1983 யூலை வரை செட்டியார் தெருவில் ஒரு நகைக்கடையில் கணக்கு எழுதியவர். அதன்பின் அவர் கொழும்புக்குத் திரும்பவேயில்லை. ஆனால் அந்தத் தெருக்களைப் பற்றிக் கதைப்பதை அவர் விட்டதும் இல்லை. கொழும்பை அவர் காதால் நினைவு வைத்திருந்தார். "கண்ணைக் கட்டி விட்டாலும் எந்தத் தெருவில் நிக்கிறன் எண்டு சொல்லுவன்" என்பார். பள்ளிவாசலின் பாங்கு, கோயில் மணி, தேவாலய மணி, விகாரையின் பிரித் ஓதல், நகைப்பட்டறைச் சுத்தியல் என்று அவர் அடுக்கிச் சொல்லும் வரிசையே எனக்கு அந்தப் பகுதியின் வரைபடமாக இருந்தது.

புறக்கோட்டை என்ற பெயரிலேயே ஒரு வரலாறு இருக்கிறது. கோட்டைக்கு உள்ளே ஆள்பவர்கள் இருந்தார்கள். வெளியே மற்றவர்கள் இருந்தார்கள். சிங்களத்தில் பிட்டகொட்டுவ என்பதும் தமிழில் புறக்கோட்டை என்பதும் ஒரே பொருளைத் தருவன. ஆங்கிலத்தில் வழங்கும் பெட்டா என்ற பெயரோ நமது பேட்டை என்ற சொல்லின் திரிபு. போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், பிரித்தானியர் என மூவரும் மாறி மாறி ஆண்ட நகரத்தில், மதிலுக்கு வெளியே சோனகரும் மலாயரும் செட்டிமாரும் பறங்கியரும் சிங்களவரும் தமிழரும் குடியும் கடையுமாக நெருங்கி வாழ்ந்தனர். பின்னர் போராக்களும் மேமன்களும் சிந்திகளும் வந்து சேர்ந்தார்கள். இவர்கள் ஒருவரை ஒருவர் தெரிந்தெடுத்து அயலவர் ஆனவர்கள் அல்லர். துறைமுகமும் வணிகமும் இவர்களைப் பக்கத்தில் பக்கத்தில் கொண்டுவந்து விட்டன. இதை நாம் முதலில் மனத்திற் கொள்ள வேண்டும்.

இரண்டாம் குறுக்குத் தெருவில் சுமைவண்டிக்காரர்களின் "ஓரம், ஓரம்" என்ற கூச்சலுக்கு ஒதுங்கி நின்று சிவப்புப் பள்ளிவாசலை அண்ணாந்து பார்த்தேன். சம்மாங்கோட்டுப் பள்ளிவாசல் என்று தமிழில் வழங்கும் இந்தப் பள்ளி, இந்தியாவிலிருந்து வந்த முஸ்லிம் வணிகர்களின் முயற்சியால் 1908 இல் கட்டத் தொடங்கி 1909 இல் நிறைவெய்தியது. இதனை அமைத்த ஹபீபு லெப்பை சாய்பு லெப்பை முறையாகக் கட்டடக்கலை பயின்றவர் அல்லர். சிவப்பும் வெள்ளையுமாக மாறிமாறி வரும் வரிகளும் மாதுளம்பழம் போன்ற குவிமாடங்களுமாக, பயிலாத ஒருவரின் கை இப்படி ஒன்றைச் செய்திருக்கிறது. நான் நின்ற வேளையில் உள்ளிருந்து பாங்கு எழுந்தது. எதிர்க்கடைச் சிங்கள வியாபாரி ஒருவர் விலை கூவுவதைச் சற்று நிறுத்தி, தண்ணீர் குடித்து, பாங்கு முடிந்ததும் மறுபடி தொடங்கினார். தாகத்தால் நிறுத்தினாரோ மரியாதையால் நிறுத்தினாரோ, நான் அறியேன். என் தந்தையாரின் வரைபடத்தில் முதலாவது அடையாளம் சரியாக இருந்தது.

பிரதான வீதியின் அந்தத்தில், கடைகளின் நெரிசலுக்குள் ஒதுங்கி, ஒரு பழைய மணிக்கூண்டு நிற்கிறது. கேமன் வாசல் என்பது அதன் பெயர். கேமன் என்றால் ஒல்லாந்தர் மொழியில் முதலை. கோட்டையைச் சூழ்ந்த நீரில் முதலைகள் இருந்தமையால் அப்பெயர் வந்தது என்பர். அங்கே தொங்கிய மணி ஒல்லாந்தருடையது அன்று. போர்த்துக்கேயர் காலத்தில் கோட்டே இராசதானியில் இருந்த கத்தோலிக்கத் தேவாலயத்தின் மணி அது. கத்தோலிக்க வழிபாட்டைத் தடைசெய்த ஒல்லாந்தர், அந்தக் கத்தோலிக்க மணியையே கொண்டுவந்து தம் சீர்திருத்தச் சபையின் வழிபாட்டுக்கு ஆள் கூப்பிடவும், இரவில் விளக்கணைக்கும் நேரத்தை ஊருக்கு அறிவிக்கவும் பயன்படுத்தினர். மேலே மேட்டில் 1749 இல் தொடங்கி 1757 இல் அர்ப்பணிக்கப்பட்ட அவர்களுடைய வுல்பெண்டால் தேவாலயம் இன்றும் கனத்த சுவர்களோடு நிற்கிறது.

அந்த மணிக்கூண்டின் கீழ் நிற்கும்போது ஓர் எண்ணம் தோன்றியது. ஆட்சி செய்பவன் முதலில் கைப்பற்றுவது ஓசையை. எவருடைய மணி ஒலிக்கலாம், எவருடைய மணி மௌனமாக வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் அதிகாரமே ஊரின் மேல் உள்ள அதிகாரம். இந்தப் பகுதியின் சண்டைகள் பலவற்றை எண்ணிப் பார்த்தால் அவை நிலத்துக்காகவோ பொன்னுக்காகவோ தொடங்கியவையாகத் தெரியவில்லை. யார் வாசலில் யாருடைய ஓசை கேட்கலாம் என்பதிலேதான் பல தொடங்கின.

செட்டியார் தெருவுக்கு வந்தேன். இரு புறமும் நகைக்கடைகள். இடையே பழைய கதிரேசன் கோயிலும் புதிய கதிரேசன் கோயிலும். கதிர்காம யாத்திரையோடு கொள்ளைநோயும் பரவியமையால், பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அரசாங்கம் யாத்திரையைக் கட்டுப்படுத்தியது. கதிர்காமம் செல்ல இயலாத நிலையிலே 1874 ஆம் ஆண்டளவில் நகரத்தார் கொழும்பிலேயே வேல் விழாவைத் தொடங்கினர் என்பர். வேல் இரதம் இந்தத் தெருவிலிருந்து புறப்பட்டுக் காலிவீதி வழியே பம்பலப்பிட்டி, வெள்ளவத்தை நோக்கிச் செல்லும். ஆடிமாதத்து அந்த நாள்களில் கரும்பு விற்பவரும் வளையல் விற்பவரும் வேடிக்கை பார்ப்பவருமாக எல்லா இனத்தவரும் தெருவில் நிற்பார்கள் என்று தந்தையார் சொல்லுவார். 1983 யூலை 25 ஆம் திகதி, இந்தத் தெருவின் கடைகள் கொளுத்தப்பட்டன. அதன்பின் சில ஆண்டுகள் வேல் உலாவின் மேளம் கேட்கவில்லை. ஒரு தெருவிலிருந்து மக்களைத் துரத்தினால் முதலில் தெரிவது அந்த ஓசை இல்லாமையே.

அன்று தந்தையாரை இரண்டு இரவுகள் தன் கடையின் மேல்தட்டில் ஒளித்துவைத்தவர் ஒரு சிங்களத் தேநீர்க்கடைக்காரர். பின்னர் அகதிமுகாம்; அதன்பின் கப்பலில் காங்கேசன்துறை. எனக்கு அப்போது மூன்று வயது. எரித்தவர்களின் மொழியும் காத்தவரின் மொழியும் ஒன்றாகவே இருந்ததை அவர் எங்களுக்குச் சொல்லத் தவறியதில்லை. இரண்டையும் ஒன்றாகவே சொல்லுவார். ஒன்றை மட்டும் சொன்னால் அது பொய்யாகிவிடும் என்ற பயம் அவருக்கு இருந்தது போலும். அந்தத் தேநீர்க்கடை இருந்த மூலையை நான் தேடினேன். அவர் சொன்ன அடையாளத்தில் இப்போது நான்கு மாடிக் கட்டடம் ஒன்று நிற்கிறது. அதன் கீழ்த்தளத்திலே ஒரு முஸ்லிம் அன்பர் கைப்பேசி உறைகள் விற்கிறார். "என்ன தேடுறீங்க மாஸ்டர்?" என்றார். சொன்னேன். கடையை விட்டு வெளியே வந்து, மேலே யன்னல்களை என்னோடு சேர்ந்து கொஞ்ச நேரம் பார்த்தார். "எங்கட வாப்பா இருந்திருந்தா தெரிஞ்சிருக்கும்" என்று மட்டும் சொன்னார்.

அங்கிருந்து கொட்டாஞ்சேனைக்கு ஏறினேன். சாந்த லூசியா பேராலயத்தின் பெருங்குவிமாடம் தூரத்திலேயே தெரிகிறது. அதிலிருந்து சிறிது தொலைவிலே தீபதுத்தமாராமய விகாரை. இந்த இரண்டுக்கும் இடைப்பட்ட தெருவிலேதான், 1883 மார்ச் 25 ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறன்று, இந்நாட்டின் நவீன வரலாற்றிலே மதக்கலவரம் என்று பெயர்பெற்ற முதல் மோதல்களுள் ஒன்று நிகழ்ந்தது. 1873 இல் பாணந்துறை வாதத்திலே புகழ்பெற்ற மீகெட்டுவத்தே குணானந்த தேரர் அக்காலத்தில் இந்த விகாரையின் தலைவர். விகாரையிலே புதிய புத்தர் சிலையொன்றின் கண்திறப்பை ஒட்டி விழா எடுக்கப்பட்டது. பல ஊர்களிலிருந்தும் பௌத்தர்கள் இசையோடு ஊர்வலமாக வந்தனர். அதே நாள்கள் கத்தோலிக்கரின் தவக்காலத்து இறுதி நாள்கள். துக்கம் அனுட்டிக்கும் வேளையிலே மேளத்தோடு ஊர்வலம் தம் ஆலயத்தைக் கடப்பதை அவர்கள் பொறுக்கவில்லை. தம் விகாரைக்குத் தாம் செல்வதை எவரும் தடுக்கலாகாது என்பது இவர்களின் நிலை. உயிர்த்த ஞாயிறன்று பிற்பகல் தேவாலய மணி ஒலிக்கக் கூட்டம் திரண்டது என்று கூறப்படுகிறது. ஊர்வலம் தாக்கப்பட்டது. பௌத்தர் ஒருவர் உயிரிழந்தார், பலர் காயமுற்றனர். போதிய சாட்சியம் இல்லையென்று எவரும் தண்டிக்கப்படவில்லை.

ஒரு தெருச்சண்டை என்று இதை விட்டுவிட முடியாது. நீதி கிடைக்கவில்லை என்ற மனக்குறையே பௌத்தர்களை ஒன்று திரட்டியது. 1884 இல் கேணல் ஒல்கொட் அவர்களின் வழக்கை லண்டனுக்கு எடுத்துச் சென்றார். அதன் பயனாக 1885 இல் வெசாக் தினம் பொது விடுமுறையாயிற்று. அந்த வெசாக் நாளிலே, ஏப்ரல் 28 ஆம் திகதி, இதே தீபதுத்தமாராமயவில் குணானந்த தேரர் பௌத்தக் கொடியை முதன்முறையாக ஏற்றினார். இன்று உலகெங்கும் பறக்கும் அந்தக் கொடி, கொட்டாஞ்சேனைச் சண்டையின் புண்ணிலிருந்து எழுந்தது எனலாம். அந்த விகாரையின் முற்றத்தில் சீயப் பாணியில் அமைந்த தாதுகோபம் ஒன்றும் உண்டு. சீயத்து அரச குடும்பத்தில் பிறந்து, அந்நாட்டின் தூதராக ஐரோப்பாவிற் பணியாற்றி, பின்னர் 1896 இல் இலங்கையிலே துறவறம் பூண்டு ஜினவரவம்ச தேரர் ஆன இளவரசர் பிரிஸ்டாங் அதனை அமைப்பித்தவர். அரண்மனையை விட்டு வந்த ஒருவர் கொட்டாஞ்சேனையின் நெரிசலிலே குடியிருந்தார் என்பதை நினைக்கும்போது, இந்தப் பேட்டை எத்தனை விதமானவர்களை ஏற்றுக்கொண்டிருக்கிறது என்ற வியப்பே மிஞ்சியது.

மீண்டும் இறங்கிக் கொச்சிக்கடைப் பொன்னம்பலவாணேசுவரர் ஆலயத்துக்கு வந்தேன். 1857 இல் பொன்னம்பல முதலியார் நிறுவிய இவ்வாலயத்தை, அவருடைய மைந்தர் சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1907 இல் தொடங்கிக் கருங்கல்லாலே புதுக்கி 1912 இல் குடமுழுக்குச் செய்வித்தார். வெளியே வெயில் கொளுத்தினாலும் உள்ளே கல்லின் குளிர். தூண்களின் நிழலில் அமர்ந்திருந்தபோது இராமநாதனோடு சேர்ந்து 1915 நினைவுக்கு வந்தது.

அதுவும் ஓர் ஓசையின் கதைதான். கம்பளையில் ஒரு தேவாலயத்தின் பெரஹரா, பள்ளிவாசல் ஒன்றைக் கடக்கும்போது இசையை நிறுத்த வேண்டுமா என்பது வழக்காயிற்று. 1914 இல் கண்டி மாவட்ட நீதிமன்றம் பெரஹராவுக்குச் சார்பாகத் தீர்த்தது. 1915 இன் தொடக்கத்தில் உயர் நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றியது. அந்த மே மாதத்து வெசாக் இரவில் கண்டியிலே பள்ளிவாசல் ஒன்றின் முன் தொடங்கிய கலவரம், சில நாள்களில் கொழும்பை அடைந்தது. புறக்கோட்டையில் முஸ்லிம்களின் கடைகள் சூறையாடப்பட்டன. பிரித்தானிய அரசு இராணுவச் சட்டம் பிறப்பித்துச் சிங்களத் தலைவர்கள் பலரைச் சிறையில் அடைத்தது. பலரைச் சுட்டுக் கொன்றது. அந்த அநீதிக்கு எதிராகச் சட்டசபையிலே உரத்துப் பேசியவர் இராமநாதன். அவருடைய நூலும் 1916 இல் லண்டனில் வெளியாயிற்று. சிங்கள மக்கள் அவரைத் தலைமேல் வைத்துக் கொண்டாடினர். ஆனால் கடையிழந்து நின்ற முஸ்லிம்களுக்கு அந்தக் குரல் தம் துயரத்தைக் கேளாத குரலாகவே ஒலித்தது. ஒரு சாராருக்காக ஓங்கி ஒலிக்கும் நியாயமான குரல் இன்னொரு சாராரின் முனகலை மூடிவிடக்கூடும். அந்த ஆலயத்தை மதிக்கும் ஒருவனாகவே இதனைச் சொல்லுகிறேன்.

ஆலய வாசலில் பூமாலை கட்டிக்கொண்டிருந்த மூதாட்டி ஒருவரிடம் மாலை வாங்கினேன். "இதுல பாதி அந்தோனியார் கோயிலுக்குப் போற மாலைதான் தம்பி. இன்னைக்குச் செவ்வாக்கிழமையில்ல" என்றார். முருகனுக்குரிய செவ்வாய் அந்தோனியாருக்கும் உரியது என்பது அந்தத் தெருவிற் புதுமை அன்று. பேச்சோடு பேச்சாக, திருவிழாக் காலத்து உலாவைப் பற்றிக் கேட்டேன். "சாமி வர்ற நேரத்துல கோயில்ல பூசை நடந்தா, மேளத்த நிப்பாட்டிருவாங்க. தாண்டுனதும் அடிப்பாங்க" என்றார். "யார் சொல்லி?" என்று கேட்டேன். அந்தக் கேள்வி அவருக்கு விளங்கவில்லை. "யாரு சொல்லணும்? பூசை நடக்குதில்ல" என்றார்.

நூறாண்டுகளுக்கு மேலாக நீதிமன்றங்கள் தீர்க்க முயன்ற ஒரு வழக்கை அந்த அம்மையார் ஒரு முழம் பூவை அளக்கும் நேரத்தில் தீர்த்துவிட்டார். நீதிமன்றத்துக்கு வேலை இல்லை என்று நான் சொல்லவில்லை. 2007 இல் உயர் நீதிமன்றம் இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை ஒலிபெருக்கிகளைக் கட்டுப்படுத்தியபோது அக்கட்டுப்பாடு எல்லா மதத்தவருக்கும் பொதுவாகவே விதிக்கப்பட்டது, அது வேண்டியதே. ஆனால் விதி, மேளத்தை நிறுத்தச் செய்யும். பக்கத்தில் பூசை நடக்கிறதா என்று காது கொடுத்துக் கேட்கச் செய்யாது.

மாலையாகும்போது கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயத்துக்கு வந்தேன். ஒல்லாந்தர் காலத்தில் கத்தோலிக்கக் குருமார் வணிகர் போல் வேடமிட்டு ஒளிந்து திரிந்த நாள்களோடு இத்தலத்தின் தொடக்கத்தை மரபு இணைக்கிறது. இன்றைய ஆலயம் பத்தொன்பதாம் நூற்றாண்டில் எழுந்தது. 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு காலையில், பூசை நேரத்திலே இங்கே குண்டு வெடித்தது. அன்று நாட்டின் பல இடங்களிலும் நிகழ்ந்த தாக்குதல்களில் 260 பேருக்கு மேல் உயிரிழந்தனர். ஆலயக் கோபுரத்து மணிக்கூட்டின் முட்கள் 8.45 இல் நின்றுவிட்டன. ஒரு வாரம் கழித்து அதே நேரத்தில் ஆலயமணி ஒலித்தது. கத்தோலிக்கரோடு வேற்று மதத்தவரும் தெருவில் நின்று மௌனமாக அதைக் கேட்டனர். யூன் 12 ஆம் திகதி ஆலயம் மறுபடி திறக்கப்பட்டது.

ஒரு மைல் வட்டத்துக்குள் இரண்டு உயிர்த்த ஞாயிறுகள். 1883 இல் மணியொலி கூட்டத்தைச் சண்டைக்குத் திரட்டியது. 2019 இன் அந்த ஞாயிறு மணியொலி கூட்டத்தைத் துக்கத்துக்குத் திரட்டியது. மணி ஒன்றுதான், கேட்கும் காதுகள் மாறியிருந்தன. இதனால் எல்லாம் நலமாயிற்று என்று சொல்ல நான் துணியேன். அடுத்த மாதமே மினுவாங்கொடையிலும் வடமேல் மாகாணத்திலும் குற்றமற்ற முஸ்லிம்களின் கடைகள் எரிந்தன. காதுகள் மாறுவதும் நிரந்தரம் அன்று.

செவ்வாய்க்கிழமைச் சனம் ஆலயத்துக்குள் நிரம்பியிருந்தது. மெழுகுதிரி ஏற்றுவோரில் நெற்றியில் திருநீறு அணிந்தவர்களும் கையிற் பிரித் நூல் கட்டியவர்களும் இருந்தார்கள். நானும் ஒரு திரி ஏற்றினேன். தந்தையாருக்காகவும், பெயரறியாத அந்தத் தேநீர்க்கடைக்காரருக்காகவும் சேர்த்து ஒன்றே ஏற்றினேன். அவர்களையும் பிரித்துச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஊருக்குத் திரும்பியதும் அந்த மாணவனை வகுப்பில் எழுப்பினேன். "நீ கேட்டது நல்ல கேள்வி. பிடித்திருப்பார்கள். அயலில் இருப்பவர்கள்தான் சண்டை பிடிக்க முடியும். பூம்புகார் மக்களும் அதன்பின் சேர்ந்திருக்கக் கற்றிருப்பார்கள். புலவர் பாடியது அந்தக் கற்றலுக்குப் பிந்திய நாளை" என்றேன்.

அவன் சிறிது யோசித்தான். "அப்ப, மறந்து போனா?" என்று கேட்டான்.

"திரும்பவும் படிக்க வேண்டும்" என்றேன். இந்த முறை வகுப்புச் சிரிக்கவில்லை.